ஒரே இடம், ஆறு பருவம்: நம் ஊரை நீர்வண்ணத்தில் வரைவது பற்றி

வரப்பு (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம்.

நீர்வண்ணத்தில் பருவங்களை வரையக் கற்றுத்தரும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பனி மூடிய கூரையில் தொடங்கி, செம்மஞ்சள் இலை உதிரும் பூங்காவில் முடிகின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு அது சரியான பாடம். நாம் அதை அப்படியே பழகினால் காவிரிப் படுகை வயல்கூட எங்கோ இருக்கும் புல்வெளியாக மாறிவிடுகிறது. புங்கமும் வேம்பும் ஊர் பேர் தெரியாத மரங்களாக நிற்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியர் அதோடு நிறுத்தவில்லை. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் நள்ளிரவும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் என்று நிலத்தையும் மாதத்தையும் பொழுதையும் சேர்த்தே சொன்னார். ஓர் இடம் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் தன் முழு இயல்போடு இருக்கும் என்று யோசித்தவர்கள் அவர்கள். வரைகிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஏட்டுக் கணக்கும் வயல் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆனி என்றால் முதுவேனில். ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கும் ஆண்டுகளில், அந்த ஆனியில்தான் எங்கள் வாய்க்காலில் புதுநீர் கலங்கலாக நுரைத்துக்கொண்டு வருகிறது. குறுவை நாற்றங்காலின் பச்சை கண்ணைப் பறிக்கிறது. வெயில் முதுவேனிலாகவும் வயல் இளமையாகவும் இருக்கும் அந்த முரண்தான் எங்கள் பக்கத்தின் அழகு.

வீட்டுக்கு அருகில் ஒரு வாய்க்கால் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு மதகு, ஓடு வேய்ந்த மோட்டார் கொட்டகை, பனை மரங்கள், அப்பால் வயல். இதையே ஆண்டு முழுவதும் வரைவது என் எண்ணம். நம் ஊரில் பருவம் இலையின் நிறத்தில் தெரிவதைவிட, நிழலின் ஓரத்திலும் காற்றில் உள்ள ஈரத்திலும் அதிகமாகத் தெரிகிறது என்பது என் கருத்து. மற்ற ஊர்களில் வரைபவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நெய்தல்கரை (சென்னை)

நல்ல இழை. ஈரம் பற்றிச் சொன்னீர்கள். கடற்கரை ஊரில் ஈரம் படத்தில் தெரிவதற்கு முன்பே தாளில் தெரிந்துவிடும்.

கோடையில் முற்பகல் வரை நிலக்காற்று வீசும். வாஷ் (நீர்த்த வண்ணத்தைத் தாளில் அகலமாகப் பரப்பும் பூச்சு) போட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் தாள் காய்ந்து, நடுவில் கோடு விழுந்திருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்ததும் அதே தாள், அதே வண்ணம் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஈரம் நின்று பேசும். எனவே கோடையில் வானத்தையும் பெரிய வாஷ்களையும் கடற்காற்று வந்த பிறகு போடுவது எனக்கு வசதியாக இருக்கிறது. முற்பகலில் கூர்மையான நிழல்கள், சுவர்கள், தள்ளுவண்டிகள் என்று ஓரம் தெளிவாக இருக்க வேண்டியவற்றை வரைகிறேன்.

இன்னொன்று: சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. அந்த வாரங்களில் நுங்கு வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே சுருண்டு கிடக்கும். மனிதர்களின் நிழல் காலடியை விட்டு நகராது. குளிர்நாட்டுப் பாடங்களில் நீண்டு சாயும் நிழலை வைத்துத்தான் ஆழம் காட்டுவார்கள். சித்திரை நண்பகலில் அந்த வழி செல்லாது. கூரை விளிம்புக்குக் கீழே விழும் பட்டையான நிழலும், தரையிலிருந்து எதிரொளித்து மேலே ஏறும் வெளிச்சமும்தான் ஆழத்தைக் கொடுக்கின்றன. திண்ணையின் உள்கூரையைப் பாருங்கள். நிழலில் இருந்தாலும் இளஞ்சூடான மஞ்சள் அங்கே படிந்திருக்கும். அதைச் சாம்பல் நிறத்தில் அடைத்துவிட்டால் வெயில் போய்விடும்.

---

வெள்ளைத்தாள் (விழுப்புரம்)

நான் புதிதாகக் கற்பவன். பச்சைதான் எனக்குப் பெரிய சிக்கல். பெட்டியில் சாப் கிரீன், விரிடியன் என இரண்டு பச்சைகள் இருக்கின்றன. எந்த வயலை வரைந்தாலும் ஒரே வயலாக வருகிறது. வரப்பு அண்ணா, நீங்கள் எப்படிக் கலக்கிறீர்கள்?

---

வரப்பு (தஞ்சாவூர்)

தம்பி, குழாயில் வரும் பச்சைகளை ஓராண்டுக்குப் பெட்டியை விட்டு எடுத்துவிடுங்கள். இரண்டு மஞ்சள், இரண்டு நீலம், ஒரு பர்ன்ட் சியன்னா இருந்தால் டெல்டாவின் எல்லாப் பச்சையும் கிடைத்துவிடும்.

நாற்றங்கால் என்றால் எலுமிச்சை மஞ்சள் நிறைய, தாலோ நீலம் தூரிகை நுனியில் ஒரு துளி. தாலோ மிக வலிமையானது. கொஞ்சம் கூடினாலும் பிளாஸ்டிக் பச்சையாகிவிடும். நடவு முடிந்த வயலில் பச்சையைத் தேடவே கூடாது. அது தண்ணீர். வானத்தின் நிறத்தை முதலில் போட்டுக் காயவிட்டு, நாற்றுகளை நுனித்தூரிகையால் தொட்டுவிட்டால் போதும். தூரத்தில் அந்தப் புள்ளிகள் சேர்ந்து கோடாகும், கிட்டே பிரிந்து நிற்கும். பயிர் தூர் கட்டிய பிறகு அல்ட்ராமரீனும் யெல்லோ ஓக்கரும். அந்தக் கனமான, சற்று நீலம் பாய்ந்த பச்சை புரட்டாசி, ஐப்பசிக்கு உரியது. சம்பாக் கதிர் பால் பிடித்ததும் பச்சையின் மேல்முனையில் மட்டும் வெளிர் மஞ்சள் ஏறும். தை பிறக்கும்போது ரா சியன்னாவும் கொஞ்சம் பழுப்பும். கதிர் சாய்வதால் தூரிகை வீச்சும் சாய வேண்டும். அதுவரை நேராக நின்ற பயிரை அதே செங்குத்து வீச்சில் வரைந்தால் நிறம் சரியாக இருந்தும் அறுவடை வயலாகத் தோன்றாது.

அறுவடைக்குச் சில நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். மாசியில் அரிதாளின் (அறுத்த நெல்லின் அடிக்கட்டை) வெளிறிய பொன்னிறத்துக்கு நடுவே தரையோடு தரையாக ஒரு சாம்பல் பச்சை படரும். எனக்கு மிகவும் பிடித்த நிறக்கூட்டு அது. அதை யாரும் வரைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. உழைத்த நிலம் ஓய்வெடுக்காமல் இன்னொரு பயிருக்கு இடம் கொடுக்கும் காட்சி.

---

பழைய_தூரிகை (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்)

வரப்பு சொன்னவை எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நிறத்துக்கு முன்னால் அடர்த்தி. பென்சிலால் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிறு வரைவு போடுங்கள். அதில் மூன்றே நிலைகள்: தாளின் வெள்ளை, நடுத்தரம், கருமை. பருவத்தைப் பொறுத்து இந்த மூன்றின் பங்கு மாறும். மார்கழி விடியலில் கருமையே இருக்காது. எல்லாம் வெள்ளைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். வைகாசி நண்பகலில் நடுத்தரம் சுருங்கிவிடும், வெள்ளையும் கருமையும் மோதும். கார்த்திகை மழைநாளில் வெள்ளை சுருங்கிச் சாலையில் தேங்கிய நீரில் மட்டும் மிச்சமிருக்கும். இதைச் சரியாகப் பிடித்துவிட்டால் பச்சை கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவர் மாதத்தைச் சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாள், மணி, காற்றின் திசை, வானத்தின் நிலை ஆகியவற்றை எழுதும் பழக்கத்தை மாணவர்களுக்கு எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே தொடர்ந்து தீட்டினார். அவை எண்ணெய் வண்ணம்தான். ஆனால் பலவற்றின் பின்னால் தேதியும் நேரமும் காற்றின் திசையும் எழுதி வைத்தார். ஓராண்டு முழுக்க ஒரே இடத்தை வரையப் போகிறவருக்கு அந்தக் குறிப்பே பாதிச் சொத்து.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கரை எல்லோரும் பிற்காலத்து எழுத்தும் குறிகளும் நிறைந்த ஓவியங்களுக்காகவும், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவராகவும் அறிவார்கள். அவருடைய தொடக்ககாலப் புகழ் நீர்வண்ண நிலக்காட்சிகளால் வந்தது. தென்னையும் நீர்நிலையும் ஈரக்காற்றும் அவற்றில் எவ்வளவு இயல்பாக இருக்கின்றன என்பதை இளைஞர்கள் பார்க்க வேண்டும். நம் ஈரத்துக்கு நீர்வண்ணம் ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு அதுவே விடை.

---

கரிசல்காடு (கோவில்பட்டி)

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். ஆனால் இங்கே பேச்சு முழுக்கத் தண்ணீராகவே இருக்கிறது. எங்கள் பக்கம் பருவத்தை மண் சொல்கிறது.

கரிசல் எப்போதும் கறுப்பு என்று நினைத்துத் தாளில் கறுப்பை அப்புகிறார்கள். மழை பெய்தால்தான் அது கறுப்பு. பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போது அது வெளிறிய சாம்பல். உள்ளே வெடிப்பின் ஆழத்தில் மட்டும்தான் கருமை. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தால் இரண்டும் கிடைக்கும். நீலம் கூடினால் மழை மண், பழுப்பு கூடினால் கோடை மண். வெடிப்பைக் கோடு கோடாக வரையாமல், சொரசொரப்பான தாளில் தூரிகையை உலர்த்தி இழுத்துவிட்டால் தாளின் மேடுகள் வெள்ளையாக நின்று மண்ணின் புழுதி தானாக வந்துவிடும்.

இலையைப் பற்றிச் சொன்னதும் எங்களுக்குப் பொருந்தும், வேறு விதத்தில். எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். பச்சை தெரிந்தால் செழிப்பு என்ற கணக்கு கரிசலில் செல்லாது. அந்தத் தூசி படிந்த, மஞ்சள் செத்த பச்சையே எங்கள் வறட்சியின் நிறம். அதைக் கலக்க யெல்லோ ஓக்கரில் கொஞ்சம் கறுப்பு விட்டால் போதும், நீலமே வேண்டாம். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் ஆலிவ் பச்சை வரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது.

இராமநாதபுரம் பக்கம் மாசி, பங்குனியில் போனால் களத்தில் குண்டு மிளகாய் காய்வதைப் பாருங்கள். வெளிறிய நிலம், வெளிறிய வானம், நடுவில் அந்தச் சிவப்பு. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு மிளகாயைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிவப்பை முழுக்க ஒரே நிறத்தில் நிரப்பிவிடாதீர்கள். பக்கத்தில் காட்மியம் ரெட், தூரம் போகப்போக ஆரஞ்சு கலந்து நீர்த்துப்போக வேண்டும்.

---

மலைச்சாரல் (தென்காசி)

கரிசல்காட்டுக்காரர் மண்ணைச் சொன்னார். நான் அதற்கு நேர் எதிர் முனையில் இருக்கிறேன். ஆனியும் ஆடியும் எல்லோருக்கும் புழுதிக் காற்று, எங்களுக்குச் சாரல். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, வெயிலும் தூறலும் ஒரே மணிநேரத்தில் மாறி மாறி வரும்.

சாரலில் வெளியே அமர்ந்து வரைவது பெரிய ஆனந்தம். மலையின் அடிவாரம் தெளிவாக இருக்கும், முடி மேகத்தில் கரைந்துவிடும். இதற்குத் தாளின் மேல்பாதியை மட்டும் நனைத்துவிட்டு, கீழே உலர்ந்த பகுதியில் மலையின் அடியைத் தொடங்கி மேலே இழுக்க வேண்டும். ஈரம் தொடங்கும் இடத்தில் மலை தானாக மேகமாகும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பலே என் மேகம். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் இறங்கி மணல் மணலாக நிற்பது மழைமேகத்துக்கு அவ்வளவு பொருத்தம். கடையில் வாங்கும் பெயின்ஸ் கிரே என்ற சாம்பல் வண்ணத்தில் அந்த உயிர் இருப்பதில்லை.

சில நேரம் சாரல் துளி படத்தின் மீதே விழும். அரைகுறையாகக் காய்ந்த வாஷில் அது வெளிறிய புள்ளியாக நிற்கும். நான் அதைத் திருத்துவதில்லை. அந்த இடத்தின் மழை அந்தத் தாளில் இருக்கிறது.

---

வெள்ளைத்தாள் (விழுப்புரம்)

மழைக்காலத்தில் எனக்கு வானம் முழுக்கப் பூப்பூத்துவிடுகிறது. வாஷின் நடுவில் ஓரம் கிழிந்த வட்டங்கள். கோடையில் இப்படி வருவதில்லை. காரணம் என்ன ஐயா?

---

பழைய_தூரிகை (கும்பகோணம்)

தம்பி, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் தாளிலிருந்து நீர் போக இடமில்லை. மேலே பார்த்தால் பளபளப்பு மங்கியிருக்கும், உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். அந்த நிலையில் நீர் அதிகமுள்ள தூரிகையால் தொட்டால், அந்த நீர் ஏற்கெனவே படிந்துகொண்டிருக்கும் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் பூ. கோடையில் அந்த இடைநிலை சில நொடிகளில் கடந்துபோவதால் உங்களுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது முறை தொடும்போது தூரிகையில் உள்ள ஈரம், தாளில் உள்ள ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வண்ணம் கெட்டியாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பழைய பருத்தித் துணி எப்போதும் வேண்டும். தொடுவதற்கு முன் தூரிகையின் அடிப்பாகத்தை அதில் ஒற்றிக்கொள்ளுங்கள். பளபளப்பு மங்கிய பிறகு தொடவே தொடாதீர்கள். முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். ஐப்பசியில் அது அரைமணியும் ஆகலாம். அந்த நேரத்தில் இன்னொரு படத்தைத் தொடங்குங்கள்.

கோடைக்கு எதிர் வைத்தியம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளை இருபுறமும் நன்றாக நனைத்து ஒரு அக்ரிலிக் பலகை மீது படியவைத்தால் அடியிலும் ஈரம் இருப்பதால் நீண்ட நேரம் வேலை செய்யலாம். நீரில் சில துளி கிளிசரின் விடுவதும் உதவும். அளவு மீறினால் வண்ணம் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். தாளின் மீது நேர்வெயில் விழக் கூடாது. தாள் கண்ணைக் கூசச் செய்வதால் அடர்த்தியைத் தவறாக எடைபோடுவோம். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். குடை பிடிப்பதானால் கறுப்போ வெள்ளையோ இருக்கட்டும். வண்ணக் குடையின் நிறம் தாளில் இறங்கிவிடும்.

---

நெய்தல்கரை (சென்னை)

ஐயா சொன்னதோடு தாளைப் பாதுகாப்பதையும் சேர்க்க வேண்டும். நீர்வண்ணத் தாளின் மேல் பசைப்பூச்சு உண்டு. அதுதான் வண்ணத்தை மேலே நிறுத்துகிறது. ஈர ஊரில் தாளைத் திறந்து வைத்தால் அந்தப் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். பார்வைக்குத் தாள் நன்றாகவே இருக்கும். வாஷ் போட்டதும் சில இடங்களில் மட்டும் வண்ணம் மைஒற்றுத்தாளில் விழுந்தது மாதிரி உறிஞ்சிக்கொண்டு கரும்புள்ளிகளாக நிற்கும். பிறகு அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை. விலை கொடுத்து வாங்கிய தாள் இப்படிப் போவது மிகுந்த வேதனை. ஐப்பசிக்கு முன்பே தாள்களைக் காற்றுப்புகாத பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவிடுங்கள். தேன் கலந்த வண்ணங்களை எறும்பு தேடி வரும், பெட்டியை இறுக்கி மூடுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் தாளின் பசை பிடித்த உணவு.

முழுத்தாள் 56 க்கு 76 செ.மீ. அதை எட்டாகக் கிழித்தால் வெளியில் எடுத்துச்செல்லச் சரியான அளவு, செலவும் கட்டுக்குள் இருக்கும். மரக்கூழ்த் தாளில் நிறைய வரைவதைவிடப் பருத்தித் தாளில் சிறியதாக வரையுங்கள் என்று புதியவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

---

மேப்பிள்_தெரு (டொராண்டோ)

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறேன். வரப்பு அண்ணாவின் முதல் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு இலை நிறம் மாறுவது ஏட்டுப் பாடம் இல்லை, என் சன்னலுக்கு வெளியே நடப்பது. அக்டோபரில் மேப்பிள் சிவப்பாகும்போது அதை வரையாமல் இருக்க முடியவில்லை. அது அயலாருடைய பருவம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. என் பிள்ளைகள் வளர்ந்த ஊரின் பருவம் அது.

நீங்கள் சொல்லும் முறையே இங்கேயும் உதவுகிறது. உறைபனியை வெள்ளை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். மாலையில் பனியின் மேல் விழும் மரநிழல் கோபால்ட் நீலம். சாயும் வெயில் படும் இடம் மிக மெல்லிய இளஞ்சிவப்பு. தாளின் தூய வெள்ளை கூரையின் விளிம்பில் மட்டும். வெளியே வரைந்தால் வண்ணநீர் தாளிலேயே உறைந்து, இறகு இறகாகப் படிகக் கோலம் போடும். அதை விரும்பாதவர்கள் நீரில் கொஞ்சம் வோட்கா கலப்பார்கள். நான் கலப்பதில்லை. மலைச்சாரல் சாரல் துளியை விட்டுவைப்பதைப் போல நானும் அந்தப் படிகத்தை விட்டுவைக்கிறேன்.

---

வரப்பு (தஞ்சாவூர்)

மிகவும் மகிழ்ச்சி அக்கா. அயலாருடைய பருவம் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் உங்கள் சன்னலைப் பார்த்து வரைகிறீர்கள், அதுதான் நான் கேட்பதும். நம் மரங்களிலும் நிறம் மாறும் காட்சிகள் இல்லாமல் இல்லை. தை, மாசியில் நாட்டு வாதாம் மரத்தின் அகன்ற இலைகள் செந்நிறமாகி உதிர்வதைத் தெருவில் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். பங்குனியில் அரசமரம் தாமிர நிறத்தில் தளிர் விடும்போது அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், வெயில் ஊடுருவி இலைகள் ஒவ்வொன்றும் விளக்காக எரியும். அதே நாள்களில் புங்கம் பழைய இலையைக் கொட்டிவிட்டு எண்ணெய் தேய்த்தாற்போன்ற இளம்பச்சையில் நிற்கும். அந்த மினுமினுப்புக்கு ஆங்காங்கே தாளை வெறுமனே விட வேண்டும், வெள்ளை வண்ணம் வைத்தால் செத்துவிடுகிறது.

---

வெள்ளைத்தாள் (விழுப்புரம்)

அண்ணா, வெள்ளை என்றதும் ஒரு கேள்வி. மார்கழிக் காலையில் வாசல் கோலத்தை எப்படி வரைவது? சாணம் தெளித்த ஈரத்தரை இருண்டிருக்கிறது, கோலம் மெல்லிய வெள்ளைக் கோடு. கோடுகளைத் தவிர்த்துத் தரையைத் தீட்டுவது எனக்கு இயலவில்லை.

---

பழைய_தூரிகை (கும்பகோணம்)

மாஸ்கிங் திரவத்தால் கோட்டை முதலில் போட்டு, மேலே தரையைத் தீட்டிக் காய்ந்ததும் உரித்துவிடலாம். அது ரப்பர் பால். நம் வெப்பத்தில் நீண்ட நேரம் விட்டால் தாளோடு பிடித்துக்கொண்டு மேற்பரப்பைக் கிழித்துவிடும், அன்றே உரியுங்கள். கூவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) வெள்ளையை மேலே வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நீர்வண்ணத்தின் வெள்ளை தாளிலிருந்து வர வேண்டும்.

---

நெய்தல்கரை (சென்னை)

இதில் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோலம் எப்படி உருவாகிறது? இருண்ட ஈரத்தரையின் மேல் மாவு விழுகிறது. படத்திலும் இருண்ட தரையின் மேல் கெட்டியான வெள்ளையை மெல்லிய தூரிகையால் விடுவது அந்தச் செயலோடு ஒத்துப்போகிறது. மாஸ்கிங் போட்டு உரித்த கோடு இரண்டு ஓரமும் வெட்டினாற்போல நிற்கும். மாவுக்கோட்டின் ஓரம் அப்படி இருப்பதில்லை. கோலம் போடுபவர்களின் கை எங்கே நிதானித்தது, எங்கே விரைந்தது என்பது கோட்டின் பருமனில் தெரியும். அந்தக் கை வேகத்தை வரைபவரின் கையும் செய்ய வேண்டும். தூய்மை பற்றிய விதிக்காக அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் ஓவியத் தாங்கியை வைத்துக்கொண்டு நிற்பது எல்லாப் பெண்களுக்கும் இயலாது. வீட்டு வேலை, பாதுகாப்பு, வேடிக்கை பார்ப்பவர்களின் கேள்விகள். நான் மொட்டைமாடியிலிருந்தும் சன்னலிலிருந்தும்தான் பெரும்பாலும் வரைகிறேன். பங்குனி வந்தால் மாடி முழுக்க வடாமும் வற்றலும் காயும். வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளை வடாம், அதன் நிழல் மட்டும் நீலம். காகத்தை விரட்டக் கட்டிய கறுப்புத் துணி. மாடி என்பதாலேயே கிடைத்த காட்சிகள் இவை. புகைப்படமும் எடுத்துக்கொள்கிறேன். படத்தின் நிழல்களை நம்பாமல் நிறங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

---

பழைய_தூரிகை (கும்பகோணம்)

அம்மா, கோலம் பற்றிய உங்கள் வாதம் என்னை யோசிக்க வைக்கிறது. கை வேகம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கூவாஷ் பற்றிய என் கருத்து இன்னும் மாறவில்லை, ஆனால் உங்கள் படத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன். மாடி, சன்னல் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பே இல்லை. வெளியில் நின்றால்தான் வரைதல் என்று சொல்பவர்கள் யாருக்கு வெளி திறந்திருக்கிறது என்று யோசிப்பதில்லை. புகைப்படத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமரா நிழலைக் கறுப்பாக்கும், வெயிலை வெளுப்பாக்கும். இரண்டுக்கும் நடுவில் கண் பார்ப்பதை உங்கள் குறிப்பேடுதான் திருப்பித் தரும்.

---

கரிசல்காடு (கோவில்பட்டி)

மனிதர்களை வரைவது பற்றி யாரும் பேசவில்லையே. பருவம் மனிதர்களின் உடலிலும் இருக்கிறது. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதிப்பவர் முன்னால் குனிந்திருப்பார், சேலைத்தலைப்பு ஒரே பக்கம் பறக்கும். மார்கழியில் தேநீர்க் கடை வாசலில் காதுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். சித்திரையில் அதே கடையில் எல்லோரும் சுவரோரம் நிழல் இருக்கும் கோட்டுக்குள் ஒதுங்கி நிற்பார்கள். மழைநாளில் சந்தைக்குப் போனால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லா முகமும் கொஞ்சம் நீலம். முகத்தில் கண், மூக்கு வேண்டாம். தோளின் சாய்வும் கால் வைக்கும் விதமும் போதும். தலையைச் சற்றுச் சிறிதாகவே வையுங்கள். உடலையும் நிழலையும் ஈரம் காயும் முன் ஒன்றாக இணைத்துவிட்டால் ஆள் தரையில் நிற்பார்.

கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள். தேநீர் வாங்கிக் குடியுங்கள். அடுத்த முறை உங்களுக்கென்று ஒரு முக்காலியை அவரே எடுத்துப் போடுவார்.

---

வெள்ளைத்தாள் (விழுப்புரம்)

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஓராண்டுப் படங்களை வரிசையாகச் சுவரில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். நிறம் வெளுக்குமா?

---

பழைய_தூரிகை (கும்பகோணம்)

வண்ணத்தைப் பொறுத்தது. குழாயின் பெயரை நம்பாமல் அதில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பி.ஆர். 83 இருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும். அதற்குப் பதில் பி.வி. 19 குவினாக்ரிடோன் வாங்குங்கள். ஒளிரும் ரோஜா நிறங்கள் எதையும் நம்பாதீர்கள். அல்ட்ராமரீனும், ஓக்கர், சியன்னா போன்ற மண்நிறங்களும் தலைமுறைகள் நிற்கும். சந்தேகம் இருந்தால் எல்லா வண்ணத்தையும் ஒரு துண்டுத் தாளில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கனமான அட்டையால் மூடி மேற்குச் சன்னலில் ஒட்டிவிடுங்கள். பங்குனியில் ஒட்டினால் ஆடியில் எடுத்துப் பாருங்கள்.

வெயில் விழும் சுவர் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம், உள்சுவராகப் பாருங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டால் ஐப்பசியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும்.